இரண்டாவது கிண்ணம்

மணி இரண்டு இருபது. மைமோன் வரவில்லை.

சாலைச் சந்திப்பில் பதினொரு கார்கள் வரிசையாக நின்றன. நாற்பது பெரியவர்கள்; சமாதானம் கேட்டுப் போகும் இந்தக் குழுவை நாங்கள் ஜாஹா என்போம். இரண்டு இமாம்கள், நாசரேத்திலிருந்து வந்த ஒரு பாதிரியார், பதவி போன மூன்று மேயர்கள், எல்லோருக்கும் தலைவராக கார்மேல் மலை ட்ரூஸ் சமயத்தாரின் ஷேக் அபூ ஸல்மான். எண்பத்தொரு வயது. வெள்ளைத் தலைப்பாகை. மீசையைத் தனியாக ஒரு ஆள் என்று எண்ணலாம்.

எல்லோர் கண்ணும் என் மேல். காரணம், வராத அந்த ஆளுக்கு ஜாமீன் நான்தான்.

"டாக்டரே," என்றார் ஷேக். நான் டாக்டர் இல்லை. அஃபுலாவில் மருந்துக் கடை வைத்திருக்கும் முனீப். ஆனாலும் வெள்ளைக் கோட்டு போட்டவன் எவனும் எங்கள் பக்கத்தில் டாக்டர்தான். "உங்க ஆளுக்கு ரத்த அழுத்த மாத்திரை குடுத்தீங்களா, தூக்க மாத்திரை குடுத்தீங்களா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வருடத்துக்கு முன், காலை ஆறே முக்காலுக்கு, இதே சந்திப்பில் ஒரு தீவன லாரி எங்கள் ஊர் இத்ரீஸை அடித்துப் போட்டது. இத்ரீஸ் டைல்ஸ் ஒட்டுபவன். கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வேலைக்குப் போகும் வேனுக்காகச் சாலையைக் கடந்தவன். லாரி ஓட்டியது மைமோன் தஹான். நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிர் எலா என்ற யூத கிராமத்துக்காரன். வான்கோழிப் பண்ணை வைத்திருப்பவன். 'சூரியன் கண்ணைக் கூச வைத்துவிட்டது' என்று கோர்ட்டில் சொன்னான். கோர்ட்டுக்குப் போன வரைபடத்தில் சாலையின் வளைவு தெரிந்தது, வெயில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இரண்டு வருடம் லைசென்ஸ் ரத்து, அபராதம். கோர்ட்டுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது.

எங்களுக்கு முடியவில்லை. தெரியாமல் நடந்த சாவாக இருந்தாலும், செய்தவன் மூன்றாம் நாளுக்குள் பெரியவர்களோடு இறந்தவன் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். மைமோன் வரவில்லை. வக்கீல் விடவில்லை. பெரியவர்களே இத்ரீஸ் வீட்டுக்குப் போய்க் கெஞ்சி ஒரு வருடம் கெடு வாங்கினார்கள். கெடு முடியும்வரை இத்ரீஸ் வீட்டார் கை ஓங்க மாட்டார்கள். அதற்கு ஒரு ஜாமீன் வேண்டும் என்றார்கள். மைமோன் பதினோரு வருடமாக என்னிடம் மாத்திரை வாங்கும் ஆள். நல்லவன் என்று எனக்குத் தெரியும். 'என் முகம் ஜாமீன்', அதாவது என் மானமே ஜாமீன், என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது சுலபமாக இருந்தது.

அந்த ஒரு வருடத்தில் நிர் எலாக்காரர்கள் தங்கள் கேட்டைப் பூட்டினார்கள். அங்கே வெள்ளரிக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த எங்கள் பெண்கள் அறுபது பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை எங்கள் ஊர் ஐன் லவ்ஸாவுக்கு ஹம்முஸ் தின்னவும் கார் ரிப்பேருக்கும் வந்துகொண்டிருந்த கூட்டம் நின்றது. இரண்டு லாரிகள் மேல் கல் விழுந்தது. இத்ரீஸ் வீட்டு வைக்கோலில் யாரோ தீ வைத்தார்கள். யார் என்று இரண்டு பக்கமும் தெரியும், இரண்டு பக்கமும் சொல்லாது. டிவியில் மட்டும் பெரிய பெரிய ஓட்டல்களில் உட்கார்ந்து அரபுகளுக்கும் யூதர்களுக்கும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கெடு இன்று மூன்று ஐம்பதுக்கு, பிற்பகல் பாங்கோடு முடிகிறது. அதற்குள் மைமோன் அந்த வாசலில் நிற்காவிட்டால் கெடுவும் இல்லை, என் முகமும் இல்லை. அந்தக் காலத்தில் வாக்குத் தவறிய ஜாமீன்காரன் பெயரில் கறுப்புக் கொடி ஏற்றுவார்கள். இப்போது ஒரு வாட்ஸ்அப் போதும்.

"அரை மணி குடுங்க, ஷேக். தூக்கிட்டு வரேன்," என்று காரைக் கிளப்பினேன்.

நிர் எலா கேட்டில் இருந்த காவலாளி என் மருந்துக் கடை வாடிக்கையாளன்தான். வாயைத் திறக்காமல் கதவைத் திறந்தான். மைமோனின் மனைவி டிக்லா வாசலிலேயே நின்றாள்.

"மூணு சட்டை மாத்திட்டாரு. நாலாவது கேக்குறாரு. அஞ்சாவதுக்கு நான் கடைக்குத்தான் போகணும்."

உள்ளே மைமோன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஐம்பத்தெட்டு வயது. கதவளவு உடம்பு. காதில் போன். அதற்குள்ளிருந்து வக்கீலின் குரல் எனக்கே கேட்டது. "போனா நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்! புரியுதா? அங்க ஒரு வார்த்தை பேசினா நான் பொறுப்பில்ல!"

போனை வாங்கி அணைத்தேன்.

"கிளம்பு."

"வெட்டிடுவாங்களா, முனீப்?"

"வெட்டணும்னா வீட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க. வீட்டுக்குள்ள வந்தவனை எங்க ஊர்ல எவனும் தொட மாட்டான்."

"வீட்டுக்கு வெளிய?"

"வெளிய நான் இருக்கேன்ல?"

"நீ ஐம்பத்தஞ்சு கிலோ," என்றான். ஆனால் எழுந்தான்.

நான்கு கிலோமீட்டர்தான் நேரம். எண்பதில் ஓட்டிக்கொண்டே பாடம் நடத்தினேன்.

"தலையைக் குனிஞ்சு வா. ஷேக்குக்கு ஒரு அடி பின்னாடி நட. அவங்க கை நீட்டாம நீ நீட்டாதே. உக்காருன்னு சொன்னாத்தான் உக்காரணும். பேச்செல்லாம் ஷேக் பேசுவாரு. நீ வாயே திறக்காதே."

"இருமல் வந்தா?"

"முழுங்கு."

எல்லாம் சொன்னேன். ஒன்றைத் தவிர. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் வீடுகளில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. மூச்சு விடுவது மாதிரி அது.

சந்திப்பில் காத்திருந்தவர்களோடு சேர்ந்து இத்ரீஸ் வீட்டுக்குப் போனபோது மூன்று மணி பத்து நிமிடம். இத்ரீஸின் அண்ணன் அபூ தாஹிர் வாசலில் நின்றிருந்தார். கல் குவாரி நடத்தியவர். கல்லைப் போலவே பேசுபவர். கை நீட்டவில்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை.

"வந்தவங்க எல்லாரும் உள்ள வாங்க."

பெரிய கூடம். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் இத்ரீஸ் வீட்டு ஆண்கள். அவர்களுக்கு நடுவில் இத்ரீஸின் மகன் ஃபிராஸ். இருபத்தைந்து வயது. ஹைஃபா ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுப்பவன். நாள் முழுக்க யூதர், அரபு என்று பாராமல் எலும்பைப் பார்ப்பவன். அவன் மைமோனை அப்படித்தான் பார்த்தான், தோலைத் தாண்டி.

கணப்பிலிருந்த பித்தளைக் கெண்டியை அவனே எடுத்தான். ஏலக்காய் போட்ட கசப்புக் காபி. கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் ஒரு வாய் அளவு ஊற்றி ஷேக்கிடம் நீட்டினான். ஷேக் வாங்கினார். குடிக்கவில்லை. முன்னால் இருந்த முக்காலியில் வைத்தார்.

"அபூ தாஹிர், உங்க வீட்டுக் காபி வாசனையே சொல்லுது, நல்ல காபின்னு. ஆனா நாங்க கேட்டு வந்ததை நீங்க குடுத்தாத்தான் இதைக் குடிப்போம். இல்லேன்னா ஆறிப்போகட்டும்."

இதுதான் முறை. முஸ்லிம், கிறிஸ்தவர், ட்ரூஸ், எங்கள் எல்லோருக்கும் ஒரே முறை. விருந்தாளி தொடாத காபி வீட்டில் இருப்பது வீட்டுக்காரனுக்கு மானக்கேடு. அது ஆற ஆற அவன் மேல் பாரம் ஏறும். அந்த ஒரு கிண்ணத்தில்தான் எங்கள் கோரிக்கையின் மொத்தப் பலமும் இருக்கிறது. அது காலியாகும்வரை இரண்டாவது கிண்ணம் ஊற்றப்படாது. ஊற்றினாலும் யாரும் தொடமாட்டார்கள்.

ஃபிராஸ் இரண்டாவது கிண்ணத்தை ஊற்றினான்.

இமாம்களைத் தாண்டினான். பாதிரியாரைத் தாண்டினான். என்னையும் தாண்டினான். நேராக மைமோன் முன்னால் நின்று நீட்டினான்.

எனக்குப் புரிவதற்கு ஒரு விநாடி ஆனது. அந்த ஒரு விநாடி போதுமாக இருந்தது.

மைமோன் வாங்கினான். ஒரே மடக்கில் குடித்தான். அதோடு விட்டானா? 'போதும்' என்பதற்கு எங்கள் ஆட்கள் செய்வதைப் போலவே காலிக் கிண்ணத்தை இரண்டு முறை ஆட்டிக் காட்டினான். முகத்தில் ஒரு சின்னப் பெருமை வேறு, உங்கள் வழக்கம் எனக்கும் தெரியும் என்று.

ஷேக் கண்ணை மூடினார். அவர் மீசை முதன்முறையாகத் தொங்கியதைப் பார்த்தேன்.

"குடிச்சுட்டான்!" ஃபிராஸின் குரல் கிழிந்தது. "பார்த்தீங்களா எல்லாரும்? எங்கப்பா இன்னும் அவன் கணக்குல ஒரு பூச்சிதான்! நாங்க ஒண்ணும் குடுக்கல, அவன் ஒண்ணும் கேக்கல, வந்தான், குடிச்சான்! கேக்க வந்தவனே குடிச்சதுக்கு அப்புறம் எதுக்கு ஜாஹா, எதுக்கு ஷேக்? எல்லாரும் எழுந்து போங்க!"

எதிர்ப்பக்கத்து நாற்காலிகள் தரையில் உரசின. நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள்.

"என்ன ஆச்சு?" மைமோன் ஹீப்ருவில் என் காதில் கிசுகிசுத்தான். "சர்க்கரை இல்லைன்னு நான் ஒண்ணும் சொல்லலையே?"

"ஏன்யா குடிச்சே?"

"அரபு வீட்டுல காபி குடுத்தா வேண்டாம்னு சொல்லவே கூடாது, அவமானம்னு நினைச்சுப்பாங்கன்னு... ராணுவத்துல சொன்னாங்க, பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான், எல்லாரும் சொல்வாங்களே!"

இந்த நாட்டில் எந்த யூதனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். எங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவு. பாதி. அந்த மீதிப் பாதியைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

எழுந்து நின்றேன். "தப்பு என்னோடது. நான் சொல்லலை. அவனுக்குத் தெரியாது. என் முகத்தை எடுத்துக்கங்க, கெடுவை மட்டும் முறிச்சுடாதீங்க..."

"உக்காருங்க, டாக்டர்."

அபூ தாஹிர். அதுவரை அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. மைமோனைப் பார்க்கவில்லை. ஷேக்கைப் பார்க்கவில்லை. தம்பி மகனையே பார்த்தார்.

"குடிச்சது தப்பு. சரி. குடுத்தது யாரு?"

ஃபிராஸ் கையிலிருந்த கெண்டியைப் பார்த்தான்.

"முதல் கிண்ணம் நிக்கும்போது ரெண்டாவது ஊத்துற பழக்கம் நம்ம வீட்டுல எப்பருந்து?"

"பெரியப்பா, அவன்..."

"அவனுக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்," என்றான் ஃபிராஸ்.

"அப்ப கேட்டுக்க. இந்த வீட்டுல என் தகப்பனார் காலத்துலருந்து எவ்வளவோ பேர் வந்திருக்காங்க. நம்ம நிலத்தை எடுத்துக்கிட்டவன்கூட வந்திருக்கான், போலீஸ்காரன் வந்திருக்கான். உள்ள வந்தவன் காலை யாரும் தட்டிவிட்டது கிடையாது. நான் உயிரோட இருக்கிறவரைக்கும் கிடையாது." சபையைப் பார்த்துத் திரும்பினார். குரல் உயரவில்லை. "பெரியவங்களே, இந்த வீட்டுக் காபியை, கேட்டது கிடைக்காம எவனும் குடிச்சதில்லை. இவரு குடிச்சுட்டாரு. அப்ப நான் குடுத்துட்டேன்னுதான் அர்த்தம். எப்ப குடுத்தேன்னு கேட்டா, வாசல்ல 'உள்ள வாங்க'ன்னு சொன்னேனே, அப்பவே குடுத்துட்டேன். ஷேக், உங்க காபியை எடுங்க."

என் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. தம்பியைப் பறிகொடுத்த மனிதன், தன் வீட்டுக்குள் ஒரு அந்நியன் அவமானப்படக் கூடாது என்பதற்காக, ரத்தப் பழியையே விட்டுக்கொடுக்கிறார். இந்த ஊரில் பிறந்ததற்கு அன்றைக்குப் பட்ட கர்வத்தை நான் வேறு எதற்கும் பட்டதில்லை.

ஷேக்கின் கை கிண்ணத்தை நோக்கிப் போனது.

"அவர் என்ன சொன்னாரு?" என்றான் மைமோன். முழுக்கச் சொன்னேன். கிண்ணம், முறை, பொறி, மன்னிப்பு, எல்லாம்.

எல்லாம் முடிந்துவிட்டது, மைமோன் எழுந்து கை குலுக்கினால் போதும். எழுந்தான். கை குலுக்கப் போகவில்லை.

"ஷேக், குடிக்காதீங்க," என்றான்.

அரபியில். எங்கள் அரபி முழுசாகப் புரியாத அவன், மொராக்கோவிலிருந்து வந்த அவன் தாய் அடுப்படியில் பேசிய மொராக்கோ அரபியில். எங்கள் ஊரில் யாராவது அதைப் பேசினால் கிண்டல் செய்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்று ஒரு பல்கூடத் தெரியவில்லை.

"மைமோன், வாயைத் திறக்காதேன்னு சொன்னேன்!" அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நாற்பது சாட்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளைக்கு வழக்கே மறுபடி திறக்கலாம்.

என் கையை எடுத்துவிட்டான்.

"தெரியாம குடிச்சதுக்கு மன்னிப்பு கிடைச்சா, அது காபிக்குக் கிடைச்சது. எனக்கு இல்ல. நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே." அபூ தாஹிரைப் பார்த்தான், பிறகு ஃபிராஸை. "கோர்ட்டுல சூரியன்னு சொன்னேன். பொய். போன் காலடியில விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தேன். நிமிர்ந்தப்போ சத்தம்தான் கேட்டுது. உங்கப்பாவை நான் பார்க்கவே இல்ல, தம்பி. அதான் உண்மை. பார்த்திருக்கணும். மூணாம் நாளே வந்திருக்கணும். மூணு தடவை அந்தச் சந்திப்பு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். பயம். வக்கீல் மேல பழி போட்டேன். வக்கீலா கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்? இப்ப கேக்குறேன். குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி."

பேசி முடித்து அப்படியே நின்றான். தலை குனியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் ஒன்றைக்கூட அவன் கடைப்பிடிக்கவில்லை.

ஃபிராஸ் கெண்டியைக் கீழே வைத்தான். மெதுவாக வந்தான். என்னைவிட ஒரு தலை உயரம், மைமோனுக்குச் சமம்.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"எல்லா மாசமும் அந்தத் தேதியில, ஆறே முக்காலுக்கு, அந்த வளைவுல போய் நிப்பேன். பன்னெண்டு தடவை. சூரியன் ஒரு தடவைகூட முன்னாடி இல்ல. லாரி வர்ற திசைக்கு முதுகுலதான் இருந்துச்சு. கேமராவுல படம் எடுத்து வெச்சிருக்கேன். போலீசுக்குக் குடுக்கலாம்னு சொன்னாங்க. நான் குடுக்கல."

"ஏன்?"

"அவங்க கண்டுபிடிச்சுச் சொன்னா எனக்கு என்ன? நீங்க சொல்லணும். எங்க வீட்டுல, எங்க ஆளுங்க முன்னாடி, உங்க வாயால." தொண்டையைச் செருமினான். "காபி குடுத்தது நான் செஞ்ச ஈனத்தனம். அதுக்கு நான் சபையில மன்னிப்பு கேக்குறேன். எங்க பெரியப்பா குடுத்தது வீட்டுக்காக. நான் குடுக்கறது நீங்க இப்ப சொன்னதுக்காக. ரெண்டும் வேற வேற."

"ஒரு நிபந்தனை," என்றார் அபூ தாஹிர்.

"சொல்லுங்க."

"இங்க சொன்னதை உங்க ஊர்லயும் சொல்லணும். உங்க கமிட்டி முன்னாடி. அவங்க இன்னமும் சூரியனை நம்பிக்கிட்டு, நாங்கதான் வீம்பு பிடிக்கிறோம்னு கேட்டைப் பூட்டி வெச்சிருக்காங்க."

எதிரி வீட்டில் சொல்வது ஒரு விதம். அடுத்த வீட்டுக்காரனிடம், வான்கோழி வாங்குபவனிடம், சொந்த ஜனத்திடம், 'உங்களையும் ஏமாற்றினேன்' என்று சொல்வது வேறு. மைமோன் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவது தெரிந்தது.

"இன்னிக்கே சொல்றேன்," என்றான்.

ஷேக் அபூ ஸல்மான் யாரையும் கேட்காமல் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். முகம் சுளித்தார். "ஆறிப்போச்சு. ஐம்பது வருஷத்துல இவ்வளவு மோசமான காபியை நான் குடிச்சதில்ல. இவ்வளவு நல்ல சபையையும் பார்த்ததில்ல."

அப்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மன்னிக்கப்பட்டவன் தனியாகத் திரும்பிப் போகக் கூடாது. இறந்தவன் வீட்டு ஆள் ஒருவர், ஊர் பார்க்க, அவனோடு நடந்து எல்லைவரை விட வேண்டும். அபூ தாஹிர் தடியை ஊன்றி எழப் பார்த்தார்.

"நீங்க இருங்க, பெரியப்பா. நான் போறேன்," என்றான் ஃபிராஸ். "எல்லைவரைக்கும் இல்ல. அவங்க ஊர் வரைக்கும். சொல்றாரா இல்லையான்னு நான் கேக்கணும்."

வாசலைத் தாண்டியதும் மைமோன் தயங்கினான். "உன் கையைப் பிடிச்சுக்கட்டுமா?"

"வேண்டாம். பக்கத்துல நடங்க, போதும். நான் இன்னும் அவ்வளவு தூரம் வரல."

"சரி."

"வேகமா நடங்க. உங்களை நான் தள்ளிக்கிட்டுப் போறதா நினைச்சுக்கப் போறாங்க."

கடைத்தெருவில் ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். சலூன்காரன் பாதி மழித்த தாடையோடு ஒருவனை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றான். யாரும் கைதட்டவில்லை. கல்லும் எடுக்கவில்லை. எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அது மரியாதை.

நான் கார் சாவியை எடுத்தேன். ஷேக் என் கையைத் தட்டிவிட்டார்.

"நானும் நடக்கிறேன்."

"நாலு கிலோமீட்டர், ஷேக். உங்க கால்..."

"காலுக்குத்தான் எண்பத்தொன்னு. ரோஷத்துக்கு வயசு ஆகலை."

அப்புறம் எவன் காரில் ஏறுவான்? இமாம்கள் நடந்தார்கள். பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். முன்னாள் மேயர்கள் யார் முன்னால் நடப்பது என்று இடித்துக்கொண்டு நடந்தார்கள். இத்ரீஸ் வீட்டு ஆண்கள், சற்று முன் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தவர்கள்கூட, ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் அந்த இரண்டு பேர், நடுவில் ஒரு முழ இடைவெளி விட்டு. பின்னால் நாங்கள் அறுபது பேராவது இருப்போம்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் போக்குவரத்து அப்படியே நின்றது. ஹைஃபா பக்கமிருந்து வந்த பஸ் பிரேக் போட்டது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான்.

"என்னப்பா இது? கல்யாணமா? சாவா?"

ஃபிராஸ் நடையைக் குறைக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினான்.

"ரெண்டும் இல்ல," என்றான். "கொஞ்ச நேரம் ஆகும். இன்ஜினை அணைச்சுடுங்க."